காதலனை மருத்துவனாக்காதீர்கள்: இளையோர் நாவல் எழுதுவோருக்கும் பதிப்பிப்போருக்கும் ஒரு திறந்த மடல்

இளையோர் நாவல்களை எழுதுகிறவர்களுக்கும், அவற்றைத் தேர்ந்து செம்மைப்படுத்திப் பதிப்பிக்கிறவர்களுக்கும் வணக்கம்.

நான் உறைவிடப் பள்ளி ஒன்றில் பல ஆண்டுகளாக விடுதிக் காப்பாளராக இருப்பவள். உங்கள் புத்தகங்கள் எந்த நேரத்தில், எந்த நிலையில் படிக்கப்படுகின்றன என்பதைப் பக்கத்திலிருந்து பார்க்கிறவள். விளக்கணைக்கும் மணி அடித்த பிறகு போர்வைக்குள் டார்ச் வெளிச்சத்தில் படிக்கப்படும் புத்தகங்களில் பெரும்பாலானவை ஒரே வகை. அம்மாவையோ அப்பாவையோ உடன்பிறந்தவரையோ பறிகொடுத்த பெண் ஒருத்தி விடுதிப் பள்ளிக்கு வந்து சேர்கிறாள். அங்கே ஒருவனைச் சந்திக்கிறாள். காதல் மலர்கிறது, துக்கம் ஆறுகிறது. எங்கள் வாசிப்பறை அலமாரியில் அட்டை கிழிந்து, தையல் விட்டு, ஒட்டுப்போட்டு நிற்பவை இந்தப் புத்தகங்கள்தாம். பாடநூலுக்குக் கிடைக்காத பாசம் இவற்றுக்குக் கிடைக்கிறது. எனக்கும் இந்த வகைக் கதை பிடிக்கும்.

ஆகவே இவை வேண்டாம் என்று சொல்வதற்காக இந்த மடலை எழுதவில்லை. அப்படிச் சொல்கிற பெற்றோரும் தலைமையாசிரியர்களும் உண்டு. காதல் என்ற சொல்லைக் கண்டாலே அலமாரியைப் பூட்டச் சொல்வார்கள். அவர்களோடு பலமுறை வாதாடியிருக்கிறேன். பதினாறு வயதில் காதல் வரும். பதினாறு வயதில் வீட்டுக்குள் சாவும் வரும். இரண்டும் ஒரே ஆண்டில் வந்தால் ஒரு பிள்ளை என்ன செய்யும் என்று கேட்கிற கதை கட்டாயம் வேண்டும். அந்தக் கேள்விக்கு நீங்கள் திரும்பத் திரும்பத் தருகிற விடைதான் என்னை எழுத வைத்தது. காதல் வந்தது, துக்கம் போனது என்பது அந்த விடை.

அப்பாவை இழந்த மாணவி ஒருத்தி இப்படியொரு நாவலைப் படித்து முடித்து என்னிடம் கொண்டுவந்து கொடுத்தாள். கதை எப்படி இருந்தது என்று கேட்டேன். "நன்றாக இருந்தது மேடம். ஆனால் கடைசியில் அவள் அப்பா எங்கே போனார்?" என்றாள். எனக்குப் புரியவில்லை. "முதல் அத்தியாயத்தில் இறந்துபோகிறார் இல்லையா, அவரைப் பற்றிக் கடைசியில் ஒரு வரிகூட இல்லையே" என்றாள். அன்றிரவு புரட்டிப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். மொட்டைமாடியில் இருவரும் மனம் திறக்கும் காட்சிக்குப் பிறகு அந்த அப்பா புத்தகத்தைவிட்டே வெளியேறிவிட்டார். கதாநாயகியைச் சோகமானவளாகக் காட்டுவதற்கு மட்டும் தேவைப்பட்ட மனிதர் அவர். வேலை முடிந்ததும் அனுப்பிவிட்டார்கள்.

இதற்குப் பிறகு இந்த வகை நாவல் எதைக் கையில் எடுத்தாலும் இறந்தவரைத்தான் முதலில் தேடுகிறேன். அந்த அம்மாவின் குரல் எப்படி இருக்கும்? எதற்கெல்லாம் கோபப்படுவார்? மகளோடு கடைசியாக எதற்குச் சண்டை போட்டார்? பல நாவல்களுக்கு இது தெரிவதில்லை. அம்மாவின் வாசனையும் ஒரு புன்னகையும் மட்டும் வரும். காதலனுக்கோ கண்ணின் நிறத்திலிருந்து கையெழுத்தின் சாய்வு வரை எல்லாம் எழுதப்பட்டிருக்கும். யாரை இழந்தாள் என்பதே வாசகருக்குத் தெரியாதபோது, இழப்பு ஆறியது என்று நீங்கள் சொல்வதை எந்தக் கணக்கில் நம்புவது?

பழையதை மனம் விட்டுவிட வேண்டும், அப்போதுதான் புதியது வந்து அமரும் என்ற எண்ணம் உங்களுடையது மட்டும் அன்று. உளப்பகுப்பாய்வைத் தோற்றுவித்த சிக்மண்ட் ஃபிராய்ட் 1917-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில் துக்கம் செய்யும் வேலையை ஏறத்தாழ இப்படித்தான் விவரித்தார். மனம் இறந்தவரிடமிருந்து தன் பற்றை இழை இழையாகப் பிரித்தெடுக்கிறது; அந்த வேலை முடிந்ததும் வேறொருவரை நேசிக்க விடுதலை பெறுகிறது. உங்கள் நாவல்களின் கதைப்பின்னல் இதுதான். ஆனால் அதே ஃபிராய்டின் மகள் சோஃபி 1920-இல் காய்ச்சல் கண்டு இறந்தார். ஒன்பது ஆண்டுகள் கழித்து, மகனை இழந்திருந்த நண்பர் லுட்விக் பின்ஸ்வாங்கருக்கு அவர் எழுதிய கடிதத்தில் வேறொரு ஃபிராய்ட் பேசுகிறார். மகள் இருந்திருந்தால் அவளுக்கு இப்போது 36 வயது நிறையும் என்று கணக்குப் பார்க்கிறார். துக்கத்தின் கூர்மை மழுங்கலாம், ஆனால் போனவருக்கு ஈடாக எவரும் வரமாட்டார் என்கிறார். அப்படி இருப்பதும் சரிதான், அந்த அன்பைக் கைவிடாமல் வைத்திருக்க நமக்குள்ள வழி அதுவே என்றும் எழுதுகிறார். கட்டுரை எழுதியவரைவிடக் கடிதம் எழுதிய தகப்பனை நம்பி நாவல் எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நம் மொழியிலேயே இதற்கு முன்னோடி இருக்கிறது. தந்தையையும் குன்றையும் ஒருசேர இழந்த பாரி மகளிரின் புறநானூற்றுப் பாட்டு ஐந்தே அடி. போன மாத நிலவில் எங்களுக்குத் தந்தை இருந்தார், இந்த மாத நிலவில் இல்லை. அவ்வளவுதான் செய்தி. ஆறுதல் கிடையாது, நம்பிக்கை வாசகம் கிடையாது. இருந்தும் இத்தனை நூற்றாண்டுகளாக அதைப் படித்த எவரும் முடிவு சரியில்லை என்று குறை சொன்னதில்லை. வீட்டைவிட்டுப் பெயர்ந்து, பிறர் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்ட இளம்பெண்கள் அவர்கள். இன்றைக்கு நீங்கள் எழுதும் கதாநாயகியின் நிலையும் அதுதான்.

துக்கத்தின் ஐந்து நிலைகள் என்று சொல்லப்படுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று நாவலை ஐந்து பாகமாகப் பிரிப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-இல் அந்த நிலைகளை முன்வைத்தபோது அவர் பேசியது, தாங்களே இறக்கப்போவதை அறிந்திருந்த நோயாளிகளின் மனநிலை பற்றி. பிரிந்தவரை நினைத்து உயிரோடிருப்பவர்களுக்கு அது பிற்பாடு நீட்டிக்கப்பட்டது. விடுதியில் நான் பார்த்த எந்தப் பிள்ளையும் அந்த வரிசையில் துக்கப்படவில்லை. காலையில் ஏற்பு, மத்தியானம் கோபம், மாலையில் கைப்பந்து, இரவில் மறுப்பு. இப்படித்தான் இருக்கும்.

இதற்குப் பொருந்துகிற விளக்கத்தை மார்கரெட் ஸ்ட்ரோப, ஹெங்க் ஸ்கட் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவர் 1999-இல் தந்தார்கள். துக்கத்தில் இருப்பவர் இரண்டு கரைகளுக்கிடையே ஊசலாடுகிறார் என்பது அவர்கள் கூற்று. ஒரு கரையில் இழப்பு. மறு கரையில் அன்றாட வாழ்க்கை, புதிய வேலைகள், புதிய உறவுகள். இங்கும் அங்கும் போய்ப் போய் வருவதே ஆரோக்கியம். கதை எழுதுகிறவருக்கு இதைவிடப் பெரிய கொடை ஏது? காதல் அந்த மறு கரையில் நிற்கலாம். அவள் அங்கே போய்ச் சிரிக்கலாம், முத்தமிடலாம், தேர்வுக்குப் பயப்படலாம். பிறகு இழப்பின் கரைக்குத் திரும்பலாம். திரும்பியதால் காதல் தோற்றுவிட்டதாகவோ, சிரித்ததால் அம்மாவுக்குத் துரோகம் செய்துவிட்டதாகவோ ஆகாது. இரண்டாவதைச் சொல்லித்தர ஆளில்லாமல் எத்தனையோ பிள்ளைகள், சிரித்துவிட்ட குற்றவுணர்வில் சாப்பிடாமல் படுத்துக்கொள்கிறார்கள்.

இனி நான் நன்கு அறிந்த இடத்துக்கு வருகிறேன். விடுதியில் துக்கம் எப்படி நடந்துகொள்கிறது என்பதை உங்கள் நாவல்கள் ஏன் கேட்டுக்கொள்வதில்லை என்பது எனக்கு ஆச்சரியம். விடுதி உங்களுக்கு அழகான பின்புலமாக மட்டும் இருக்கிறது. வளைவுகள் வைத்த வராந்தா, பனி படிந்த மைதானம், திருட்டுத்தனமாக ஏறும் மொட்டைமாடி. பெற்றோர் குறுக்கே வராமல் காதலிக்க வசதியான இடம். ஆனால் துக்கத்துக்கு விடுதி ஒரு தனி உலகம், தனி விதி.

வீட்டிலிருந்து பள்ளிக்குப் போய்வருகிற பிள்ளைக்கு அம்மாவின் இன்மை அன்றாடம் வந்து முகத்தில் அறைகிறது. சமையலறை, கட்டில், மாலையில் திறக்காத கதவு. விடுதிப் பிள்ளைக்கு அப்படி இல்லை. பள்ளி நடக்கும் மாதங்களில் அம்மா எப்போதுமே பக்கத்தில் இல்லாதவர்தானே? இறுதிச் சடங்கு முடிந்து திரும்பிவந்து, மணிக்கு எழுந்து, வரிசையில் நின்று, பாடம் படித்து, மணிக்குத் தூங்கினால், அம்மா வழக்கம்போல் தொலைவில் வீட்டில் இருக்கிறார் என்று மனம் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ள முடியும். ஏமாற்றிக்கொள்ளவும் செய்கிறது. எல்லோரும் "எவ்வளவு தைரியமான பெண்" என்று பாராட்டுகிறார்கள். பிறகு விடுமுறை வருகிறது. பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், அம்மாவின் துணிகள் இருந்த அலமாரியை யாரோ நல்லெண்ணத்தோடு காலிசெய்து வைத்திருக்கிறார்கள். அம்மா அன்றைக்குத்தான் இறக்கிறார். அடுத்த விடுமுறையில் இன்னொரு முறை. விடுதிப் பிள்ளையின் துக்கம் விடுமுறைக்கு விடுமுறை, மொத்தம் மொத்தமாக வந்து இறங்குகிறது. இதை மையமாக வைத்து எழுதிய நாவல் ஒன்றுகூட என் கையில் அகப்பட்டதில்லை. விடுமுறை என்றால் உங்கள் கதையில் காதலர்கள் பிரிந்து ஏங்கும் இடைவேளை மட்டுமே.

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி வரிசையில் நான் கண்டதைச் சொல்கிறேன். அம்மாவை இழந்து திரும்பிய ஒரு பெண், பழக்கத்தில் வரிசையில் வந்து நின்றாள். அவளுடைய முறை வந்தது. கருவியைக் கையில் எடுக்கவில்லை. பின்னால் நின்றவளை முன்னே போகச் சொல்லிவிட்டு வரிசையின் கடைசிக்குப் போய் நின்றுகொண்டாள். மறுபடியும் முறை வந்தது, மறுபடியும் அதையே செய்தாள். பேசுகிற நேரம் முடியும்வரை இப்படியே. முகத்தில் அழுகை இல்லை. மற்றப் பிள்ளைகள் கவனிக்காததுபோல் இருந்துகொண்டார்கள். விடுதியில் அந்த நாகரிகம் உண்டு. குளியலறையில் யாரோ குழாயைத் திறந்துவிட்டு நெடுநேரம் வெளியே வரவில்லை என்றால் கதவைத் தட்டமாட்டார்கள். அடுத்த வாரம் அவளோடு வேறொரு பெண்ணும் சேர்ந்து நின்றாள். யாருக்கும் போன் செய்ய வேண்டிய தேவை அவளுக்கு இல்லை. இருவருமாகக் கடைசிக்குப் போனார்கள், வந்தார்கள், போனார்கள். அவர்களுக்குள் இருந்தது நட்பா காதலா என்று எனக்குத் தெரியாது, கேட்கவுமில்லை. ஆனால் அன்பு எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் அந்த வரிசையைத்தான் காட்டுவேன். அவள் எதையும் சரிசெய்யவில்லை. கூட நின்றாள்.

உங்கள் கதாநாயகனையும் இப்படி நிற்க விடுங்கள். அவனிடம் எதிர்பார்க்க வேண்டியது ஒன்றுதான்: இறந்த அம்மாவின் பெயர் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவரைப் பற்றிக் கேட்கத் தெரிய வேண்டும். பார்த்தே இராத ஒருவரைக் கேட்டுக் கேட்டு அறிந்துகொள்வதைப்போல் நெருக்கமான காதல் காட்சி வேறு என்ன இருக்கிறது? விடுதியின் பெரிய துயரமே, அங்கே எவரும் இறந்தவரை நேரில் அறியாதவர்கள் என்பது. நினைவுகளைப் பகிர்ந்துகொள்ள ஆளில்லை. காதலன் அந்த ஆளாக முடியும். டென்னிஸ் கிளாஸ், ஃபிலிஸ் சில்வர்மன், ஸ்டீவன் நிக்மன் மூவரும் 1996-இல் தொகுத்த ஆய்வுகள் சொல்வதும் இதையொட்டியே: இறந்தவரோடு உள்ள உறவு அறுபட்டால்தான் நலம் என்பது பிழை, அது உருமாறித் தொடர்கிறது, தொடரலாம். அம்மாவிடம் மனதுக்குள் பேசிக்கொண்டே ஒருத்தி காதலிக்கலாம்.

மாறாக, அவனை மருத்துவனாக்கும்போது என்ன நடக்கிறது? அவனுக்கும் பதினாறு, பதினேழு வயதுதான். "நான் போய்விட்டால் அவள் என்ன ஆவாள்?" என்ற அச்சத்தோடு, காதல் வற்றிப்போன பிறகும் விலக முடியாமல் தவிக்கிற பையன்கள் நிஜத்தில் இருக்கிறார்கள். வெளியுலகில் பிரிந்தவர்கள் வேறு தெருவில் நடக்கலாம். விடுதிப் பள்ளியில் பிரிந்த மறுநாள் காலையில் அதே உணவுக்கூடம், அதே வரிசை, அதே நூலக மேசை. ஒருவர் பொறுப்பில் இன்னொருவர் உயிரையே ஒப்படைக்கும் காதலை இந்தச் சுவர்களுக்குள் பெரும்பேறாக எழுதுவது, இருவர் தலையிலும் பாரம் ஏற்றுவதுதான்.

காயம்பட்டவன் என்பதால் கதாநாயகன் கடுஞ்சொல் பேசுவான், கதவை அறைந்து சாத்துவான், அவளை அழவைப்பான், அவளோ அந்தக் கோபத்துக்குப் பின்னால் இருக்கும் வலியைப் புரிந்துகொண்டு பொறுத்துப்போவாள் என்று எழுதுகிறீர்களே, அதை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. துக்கத்தில் கோபம் வரும், உண்மைதான். அதைக் காதலி மேல் கொட்டலாம் என்ற உரிமம் துக்கத்துக்குக் கிடையாது. இதைப் படித்துவிட்டு, தன்னை அவமதிக்கிற ஒருவனுக்கு "அவனுக்குள்ளே ஏதோ வலி இருக்கிறது மேடம்" என்று பரிந்துபேசுகிற பிள்ளைகளுக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

காலக்கணக்கையும் சற்று மாற்றிப் பாருங்கள். பெரும்பாலான கதைகள் ஒரு கல்வியாண்டுக்குள் முடிகின்றன. பள்ளி திறக்கும்போது துக்கம், ஆண்டு விழாவில் விடிவு. வில்லியம் வார்டனும் ஃபிலிஸ் சில்வர்மனும் பாஸ்டன் பகுதியில் பெற்றோரில் ஒருவரை இழந்த 70 குடும்பங்களின் 125 பிள்ளைகளை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து ஆராய்ந்தார்கள். பெரும்பாலான பிள்ளைகள் சமாளித்தார்கள். ஆனால் சில பிள்ளைகளின் சிக்கல்கள் முதலாண்டில் தெரியாமல், இரண்டாம் ஆண்டின் முடிவில்தான் தெளிவாக வெளிப்பட்டன. எல்லோரும் மறந்துவிட்ட பிறகு, ஆசிரியர்கள் சலுகை காட்டுவதை நிறுத்திய பிறகு. நீங்கள் முற்றும் போடுகிற இடத்தில்தான் உண்மையான நாவல் தொடங்குகிறது.

சிலருக்கு உதவி தேவைப்படும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறி கையேடு 2022-இல் நீடித்த துக்கம் என்பதை ஒரு கோளாறாகச் சேர்த்தது. பெரியவர்களுக்கு இழப்பு நேர்ந்து 12 மாதமாவது கடந்திருக்க வேண்டும், சிறுவர்களுக்கும் பதின்வயதினருக்கும் 6 மாதம் என்று வரையறுத்தது. அத்தகைய பிள்ளைக்குப் பயிற்சி பெற்ற ஆலோசகர் வேண்டும். உங்கள் நாவல்களில் வரும் ஆலோசகர்கள் எல்லோரும் கடிகாரத்தைப் பார்ப்பவர்களாக, எழுதிவைத்த கேள்விகளைக் கேட்பவர்களாக இருக்கிறார்கள். அவர்களால் ஆகாதது காதலனின் ஒரு பார்வையால் ஆகிவிடுகிறது. வேலையைத் தெரிந்த ஒரு பெரியவரையாவது கதைக்குள் வர அனுமதியுங்கள். தற்கொலையால் நேர்ந்த மரணத்தைத் தொடும் கதைகளில் கூடுதல் கவனம் வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் திரைப்படம், நாடகத் துறையினருக்கென வழிகாட்டுதல் வெளியிட்டது. செய்த முறையை விவரிக்காதீர்கள், ஒற்றைக் காரணத்தில் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள் என்பவை நாவலுக்கும் பொருந்தும். இறந்த தோழியின் சாவுக்கு யார் காரணம் என்று காதலர்கள் துப்புத் துலக்கும் கதைகள் பெருகிவருவதால் இதைச் சொல்கிறேன்.

எழுதப்படாத ஒரு கதையும் என் மனதில் இருக்கிறது. ஒருவருக்கும் தெரியாமல் காதலித்த இருவரில் ஒருவர் விடுமுறையில் இறந்துபோகிறார். மற்றவர் அதைக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில், அறிவிப்பாக, எல்லோரோடும் நின்று கேட்கிறார். அவர் உறவினர் இல்லை, அதனால் விடுப்பு இல்லை. இரங்கலை ஏற்கும் இடத்திலும் இல்லை. ஒரு நிமிட மௌனத்துக்குப் பிறகு முதல் பாடவேளைக்குப் போக வேண்டும். உலகம் அங்கீகரிக்காத இத்தகைய துக்கத்தைப் பற்றி துக்க ஆய்வாளர் கென்னத் டோக்கா 1989-லேயே எழுதிவிட்டார். விடுதிப் பள்ளியைவிட அதற்குப் பொருத்தமான களம் கிடைக்காது. உங்களில் எவராவது இதை எழுதினால் முதல் வாசகியாக நான் இருப்பேன்.

பதிப்பாளர்களிடம் தனியாக இரண்டு வேண்டுகோள். பின்னட்டையில் "அவன் அவளைத் துயரத்திலிருந்து மீட்டான்" என்ற பாணி வாசகத்தை நிறுத்துங்கள். கதைக்குள் பெற்றோர் மரணமோ தற்கொலையோ இருந்தால் அதை உள்பக்கத்தில் ஒரு வரியில் குறிப்பிடுங்கள். பிள்ளைகள் அந்த வரியைப் பார்த்துப் புத்தகத்தை ஒதுக்கிவிடுவார்கள் என்று பயப்பட வேண்டாம். எங்கள் விடுதியில் அந்த வரியைத் தேடி எடுப்பவர்களும் இருக்கிறார்கள்.

கையெழுத்துப் பிரதியாக இருக்கும்போதே இத்தகைய கதையை ஒரு விடுதியின் வாசகர் வட்டத்துக்குக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். எங்கள் பிள்ளைகள் தயார். பெற்றோர் ஒப்புதலுக்கும், வாசிப்பு அவர்களை வருத்தினால் உடனிருக்க ஆலோசகருக்கும் நாங்கள் ஏற்பாடு செய்துகொள்கிறோம். காதல் காட்சிகளை அவர்கள் கேட்காமலே பாராட்டுவார்கள். அப்பா எந்தப் பக்கத்தில் காணாமல் போனார் என்பதையும் பக்க எண்ணோடு எழுதித் தருவார்கள். அந்தக் குறிப்புகளைப் படித்துவிட்டு அச்சுக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
ஒரு விடுதிக் காப்பாளர்